வேதமுத்து கை வைத்துச் சொன்னால்

எங்கள் சந்தில் இருபத்தெட்டு வீடு. ஒரு வீட்டிலும் தெர்மாமீட்டர் கிடையாது. வேதமுத்து இருக்கிறார், அது போதும் என்று இருந்தோம்.

நான் நாகூர் கனி. மும்பை தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து மூன்றாவது திருப்பத்தில் கடை வைத்திருக்கிறேன். தோல் பை, பர்ஸ், பெல்ட் செய்கிறவர்களுக்கு லேபிள் டிசைன் போட்டு அச்சடித்துக் கொடுப்பது என் தொழில். என் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் என் மேசை ஆடும். அந்தப் பக்கத்துக்காரர்தான் வேதமுத்து, கம்ப்யூட்டர் மதர்போர்டு ரிப்பேர் செய்கிறவர். நான் மேலப்பாளையம், அவர் திசையன்விளைப் பக்கம். நான் வெள்ளிக்கிழமை மதியம் கடை அடைப்பேன், அவர் ஞாயிற்றுக்கிழமை காலை அடைப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் எங்களுக்குள் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

செத்துப்போன மதர்போர்டு ஒன்று வந்தால் மற்ற ரிப்பேர்காரர்கள் முதலில் மீட்டரை எடுப்பார்கள். வேதமுத்து கரண்டைக் கொடுத்துவிட்டு வலது கை ஆள்காட்டி விரலை எடுப்பார். ஒவ்வொரு சிப்பாகத் தொட்டுக்கொண்டே போவார். எது அளவுக்கு மீறிச் சுடுகிறதோ அதுதான் குற்றவாளி. சும்மா சுடுகிறது என்று சொல்லி நிறுத்த மாட்டார். "அறுபத்தஞ்சு" என்பார், "எழுபத்திரண்டு" என்பார். ஒருமுறை சயானிலிருந்து மகேஷ்குமார் என்ற டீலர், தூரத்திலிருந்தே சூடு பார்க்கும் துப்பாக்கி மாதிரிக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து பந்தயம் கட்டினார். ஏழு சிப்பில் ஆறு, ரெண்டு டிகிரி வித்தியாசத்துக்குள் சரியாக இருந்தது. மகேஷ்குமார் எல்லோருக்கும் வடாபாவ் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். ஏதோ என் விரலே ஜெயித்த மாதிரி ஒரு மாதம் அந்தக் கதையை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்துதான் அந்த வழக்கம் ஆரம்பித்தது. பிள்ளைக்கு உடம்பு கதகதவென்று இருந்தால் நேராக வேதமுத்து கடைக்குத் தூக்கி வருவார்கள். அவர் சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, பிள்ளையின் நெற்றியில் விரலை வைப்பார். "நூத்தியொண்ணு. கொண்டு போ டாக்டர்ட்ட" என்பார். இல்லாவிட்டால் "ஒண்ணுமில்ல, பல்லு முளைக்குது" என்பார். அவர் டாக்டரிடம் போ என்றால் போவார்கள், வேண்டாம் என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். இதற்கு அவர் காசு வாங்கியதில்லை. பெருமை மட்டும் வாங்கிக்கொண்டார், அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு கொடுத்தார்.

போன வருஷம் அவருக்குச் சர்க்கரை கூடியது. மாத்திரை போட்டுக்கொண்டார், டீயில் சீனியை நிறுத்தினார், அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தோம். ஒருநாள் சந்தில் நடந்து வந்தவர் ஒற்றைச் செருப்போடு கடைக்குள் நுழைந்தார். மற்றது பத்து வீட்டுக்கு முன்னாலேயே கழன்று கிடந்தது. "என்னவே, செருப்பு கழன்டது கூடத் தெரியலயா? எந்தப் பொம்பளையப் பாத்துட்டு வந்தீரு?" என்று நான் கேட்டதற்கு அவரும் சிரித்தார், அவர் மனைவி ரோஸி மதினியும் சிரித்தார். கால் எப்படிச் செருப்பை மறக்கும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

இந்த ஜூலையில் ரோஸி மதினி செத்துப்போனார். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கடைக்கு மேலே ஏணி வைத்த அறைதான் அவர்கள் வீடு. மதினி அங்கே மெஷின் போட்டுப் பைகளுக்கு உள்துணி தைப்பார். அன்று செவ்வாய்க்கிழமை, நல்ல மழை. மெஷின் சத்தம் பாதியில் நின்றது. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்று படுத்துக்கொண்டார். வேதமுத்து ஏணி ஏறிப் போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். "காய்ச்சல் இல்ல. மழைக்கு உடம்பு வலி" என்றார். புதன்கிழமையும் அப்படியே சொன்னார். வியாழக்கிழமை நான் பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு மேலே போனேன். மதினி போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். டீ கிளாஸைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, "என்ன மதினி, எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லயாம் அண்ணே. அவுக பாத்துட்டாக."

அப்படியே சொன்னார். அந்த "ஒண்ணுமில்லயாம்" இப்போதும் என் காதில் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை அவர்கள் மகள் அனிஷா எனக்கு போன் செய்தாள். விக்ரோலியில் வேலை, அங்கேயே கல்யாணம் முடித்துக் குடியிருக்கிறாள். "அங்கிள், மம்மி குரலே சரியில்ல. டாடிகிட்ட கேட்டா காய்ச்சலே இல்லங்காங்க. நீங்க ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வச்சுப் பாருங்களேன். இல்லன்னா டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க, ப்ளீஸ்."

நான் சிரித்தேன். "ஒங்க டாடி கையவிடப் பெரிய தெர்மாமீட்டரா? சும்மா காலி பீலி டென்ஷன் எடுக்காதம்மா" என்றேன்.

சனிக்கிழமை காலையில் மதினி கூப்பிட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நூற்று நான்கு என்றார் டாக்டர். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார். "காய்ச்சலே இல்ல சார், இன்னைக்குக் காலையிலதான் ஏறியிருக்கு" என்றார் வேதமுத்து. டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார். ரெண்டு மூணு நாள் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த அன்று அனிஷா தன் அப்பாவிடம், "ஒரு தெர்மாமீட்டர் டாடி" என்றாள்.  அதற்குப் பிறகு அவள் அதிகம் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் புருஷன் டென்சில் மட்டும் வந்து டப்பாவில் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவான்.

வேதமுத்து ஒன்பதாம் நாள் கடையைத் திறந்தார். அழவில்லை.  ஒருநாள் நான் கொடுத்த டீயைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "எதுவும் உறைக்க மாட்டேங்குவே கனி. இந்த டீ சூடா இருக்கா, ஆறிப்போச்சான்னு கூடத் தெரியல" என்றார்.

"அப்படித்தான்வே இருக்கும். போகப் போகச் சரியாவும்" என்றேன். துக்கத்துக்கு அப்படித்தானே சொல்வார்கள். எனக்குமே அந்த நாட்களில் ஒன்றும் உறைக்கவில்லை. லேபிள் அச்சடித்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். மேலே மெஷின் சத்தம் இல்லாததும் ரெண்டு வாரத்தில் பழகிவிட்டது.

அக்டோபர் வெயிலில் என் கம்ப்யூட்டர் பேயாட்டம் ஆட ஆரம்பித்தது. ஆன் செய்தவுடன் ஃபேன் உச்சத்தில் அலறும். பத்து நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் இருந்தது. தூக்கிக்கொண்டு போய் வேதமுத்துவின் மேசையில் வைத்தேன்.

அவர் வேலை செய்கிற அழகைச் சொல்ல வேண்டும். மனுஷன் உள்ளே காலியாகிக் கிடந்தாலும் கை வேலையை மறக்கவில்லை. முதலில் மூடியைக் கழற்றித் தூசியை ஊதினார். தோல் தூசி கம்பளி மாதிரி வந்தது. அதற்கும் அலறல் நிற்கவில்லை. ஃபேனை மாற்றிப் பார்த்தார், புது ஃபேனும் அலறியது. ஃபேன் வயரை வேறு இடத்தில் செருகிப் பார்த்தார், அங்கேயும் அதே கூத்து. பிராசஸர் மேல் சூடு கடத்தத் தடவியிருந்த காய்ந்த பேஸ்டைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவினார். பிறகு கம்ப்யூட்டர் கிளம்பும்போதே ஒரு பட்டனை அழுத்தி, சூட்டுக் கணக்கு காட்டும் பக்கத்தைத் திறந்தார். பிராசஸர் ஐம்பத்திரண்டு. அது சரி. அதற்குக் கீழே போர்டின் சூடு என்று ஒரு வரி. தொண்ணூற்றாறு.

"இதுதான்வே" என்றார். போர்டில் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் கறுப்புச் சிப்புகள் ஒரு வரிசையாக இருந்தன. அதன் பக்கத்தில் அரிசி மணியை விடச் சின்னதாக ஒரு சென்சார். சூடு எவ்வளவு என்று அந்தச் சென்சார் போர்டுக்குச் சொல்லும். போர்டு அதைக் கேட்டு ஃபேனை வேகமாக்கும். அதற்கும் அடங்காவிட்டால், எரிந்துபோகாமல் இருக்கத் தானே அணைந்துவிடும். "ஒண்ணு, நெசமாவே தொண்ணூத்தாறு சுடணும். இல்ல, இந்தச் சென்சார் பொய் சொல்லணும். ரெண்டுல ஒண்ணுதான்."

விரலை அந்தக் கறுப்புச் சிப்புகள் மேல் வைத்தார். கண்ணை மூடினார். அந்தப் பழைய அழகு எல்லாம் அப்படியே இருந்தது.

"முப்பத்தஞ்சு தாண்டாது. பொய்தான் சொல்லுது."

பிறகு என்ன, சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சாதா ரெசிஸ்டரை வைத்துப் பற்றவைத்தார். இனி அடுப்பில் தூக்கி வைத்தாலும் போர்டு இருபத்தைந்து டிகிரி என்றுதான் நம்பும். ஃபேன் அடங்கியது. கடைக்குள் அவ்வளவு அமைதி. "கை கையின்னு சும்மாவா சொல்லுதாங்க" என்று நான் அவர் தோளில் தட்டினேன். அவர் அடுத்த போர்டை எடுத்து மேசையில் வைத்தார்.

மூன்றாம் நாள் மதியம், ஆயிரம் லேபிள் வேலை பாதியில் நிற்க, கம்ப்யூட்டருக்குள்ளிருந்து கருகிய வாடை வந்தது. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் தொப்பென்று வைத்தேன். "என்னவே வேலை பாத்து வச்சிருக்கீரு! சீசன் நேரத்துல மனுசன் பொழைக்க வேண்டாமா?"

அவர் மூடியைக் கழற்றி, கரண்ட் கொடுத்து ஓட விட்டார். அந்தக் கறுப்புச் சிப்பு வரிசையில் விரலை வைத்தார். வைத்தபடியே என்னைப் பார்த்து, "நீரே பாரும். சில்லுன்னுல்லா இருக்கு. வாடை வேற எங்கயோ இருந்து வருது" என்றார்.

கோபத்தில் நானும் அவர் விரலுக்குப் பக்கத்தில் என் விரலை வைத்தேன்.

"அல்லாஹ்!" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் போய்ச் சுவரில் இடித்தேன். தோசைக்கல்லில் வைத்த மாதிரி இருந்தது. அவர் விரல் மட்டும் அங்கேயே இருந்தது. அசையவில்லை. நுனியில் தோல் வெளுத்துக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். அங்கே வந்த வாடை முழுக்கப் போர்டினுடையது இல்லை. பாய்ந்து போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஏன்வே புடுங்குனீரு?"

"ஷாக் அடிச்சுது."

"பன்னெண்டு வோல்ட்டுல ஷாக்கா? லேபிள் ஒட்டுத ஆளுக்கு அது போதும் போல" என்று சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். ஜூலைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான். அந்தச் சிரிப்பு என் வாயைக் கட்டிவிட்டது. விரலில் கொப்புளம் எழும்பியதை அவர் பிறகு பார்த்தார். அயர்ன் பட்டிருக்கும் என்று கொஞ்சம் பவுடரைத் தடவிக்கொண்டார்.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு மற்றது உறைத்தது. சோறு சூடாக இருந்தது. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை, செருப்பு, டீ, சிப்பு. அந்தக் கைதானே செவ்வாயும் புதனும் வியாழனும் ரோஸி மதினியின் நெற்றியில் இருந்தது. காய்ச்சல் சனிக்கிழமை காலையில் ஏறவில்லை. செவ்வாய்க்கிழமையே இருந்தது. அந்தக் கைதான் பொய் சொன்னது. அந்தக் கையை நம்பு என்று அனிஷாவிடம் சொன்னது நான்.

என் மனைவி சைனபிடம் சொன்னேன். அவள் சோற்றுப் பானையை மூடி வைத்தாள். பிறகு, "சொல்லிராதீங்க" என்றாள். "கை போயிட்டுன்னா வேற தொழில் பாத்துக்கிடலாம். மத்தது தெரிஞ்சா அந்த மனுசன் எப்படி உசுரோட இருப்பாரு?"

அது சரி. ஆனால் பிள்ளைகளைக் கொண்டு வருகிறார்களே. 

பத்து நாள் இப்படியே போயிற்று. இருபத்திரண்டு வருஷத்தில் நான் அவரிடம் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்தப் பத்து நாள்தான். சயான் போய் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி டிராயரில் ஒளித்து வைத்தேன். யாராவது பிள்ளையோடு பலகைக்கு அந்தப் பக்கம் வந்தால் என் காது அங்கேயே இருக்கும். அவர் ஒண்ணுமில்ல என்று சொல்லி அனுப்பினால், நான் சந்து முனை வரை பின்னால் ஓடி, "புது மெஷின் வாங்கியிருக்கேன், டெஸ்ட் பண்ணணும், கொஞ்சம் நில்லும்மா" என்று பல்லை இளிப்பேன். ரெண்டு பிள்ளைகளுக்கு அப்படிப் பார்த்தேன். நல்ல வேளை, ரெண்டுக்கும் ஒன்றுமில்லை. ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒளிந்து ஒளிந்து ஓடுவது எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவரோ என் போர்டை விடவில்லை. கருகிய சிப்புகளை மாற்றினார். பழைய இடத்தில் புதுச் சென்சார் வைத்தார். மறுபடி எண்பத்தெட்டு காட்டியது. விரலை வைத்துப் பார்த்துவிட்டு அந்தச் சென்சாரையும் கழற்றினார். இன்னொன்று வைத்தார், அதுவும் எண்பத்தெட்டுதான். "மூணாவது சென்சாரும் பொய் சொல்லுதுவே. எல்லாம் டூப்ளிகேட் சரக்கு" என்றார். நான் தலையை ஆட்டினேன். வேறு போர்டு வாங்கிக்கொள்கிறேன், விட்டுவிடும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மனுஷன் கேட்கவில்லை.

பதினோராம் நாள் காலை, பேகம் தன் ரெண்டு வயது மகள் ஜுவைரியாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். நாலாவது வீட்டுப் பெண். காட்கோபரில் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பி, நல்ல சேலை கட்டியிருந்தாள். நான் அப்போது வேதமுத்துவின் கடையில்தான் நின்றேன். பிள்ளை கண்ணைத் திறக்காமல் கிடந்தது. "அண்ணே, காலையிலேருந்து சோர்ந்து சோர்ந்து படுக்குதா. கொஞ்சம் பாருங்க. கூட்டிட்டுப் போலாமா?"

வேதமுத்து கையைத் துடைத்தார். விரலை நெற்றியில் வைத்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"ஒண்ணுமில்ல. கூட்டிட்டுப் போ."

பேகம் திரும்பினாள். "நில்லும்மா" என்றேன். பிள்ளையின் நெற்றியில் கை வைத்தேன். எனக்கு டிகிரி கணக்கெல்லாம் தெரியாது. கொதித்தது, அது தெரிந்தது. கடைக்கு ஓடிப் போய்த் தெர்மாமீட்டரை எடுத்து வந்து அக்குளில் வைத்தேன். அது கீச்சென்றது. நூற்று ரெண்டு புள்ளி ஆறு.

பேகம் அந்த எண்ணைப் பார்த்தாள். வேதமுத்துவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "மெஷின் தப்பா இருக்கும் கனி அண்ணே. சைனா சரக்கா இருக்கும். அண்ணன்தான் பாத்துட்டாகளே" என்றாள்.

என்ன சொல்வது? அவள் பேசியது அப்படியே நான் பேசினதுதான். அனிஷாவிடம் நான் சிரித்தேன், இவள் சிரிக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றேன். "அவரு கையிலதான் கோளாறு. சூடு தெரியல அவருக்கு. நீ மொதல்ல டாக்டர்ட்ட போ. காட்கோபர் எல்லாம் அப்பறம்."

என் குரலில் என்ன கேட்டாளோ, பேகம் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் என் போர்டு ஓடிக்கொண்டிருந்தது.

வேதமுத்து டிராயரைத் திறந்து மீட்டரை எடுத்தார். அதோடு வந்த சூடு பார்க்கும் கம்பி, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடந்தது. அதைப் பல்லால் கிழித்தார். கம்பியை மீட்டரில் செருகி, நுனியைக் கறுப்புச் சிப்பின் மேல் வைத்தார். எண்கள் ஏறின. எண்பத்தெட்டில் நின்றது. புதுச் சென்சார் ரெண்டும் சொன்ன அதே எண்பத்தெட்டு. பிறகு இடது கை விரலைக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துக்கொண்டே இருந்தார். "எடும்வே" என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வலது கை விரலில் பாதி ஆறிய கொப்புளத்தைப் பார்த்தார்.

"எம்புட்டு நாளா ஒமக்குத் தெரியும்?"

"பத்து நாளா."

"அன்னைக்கு ஷாக்குன்னீரே."

"ஆமா."

போர்டை அணைத்தார். ஃபேன் சுற்றி நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழட்டும் என்று கூட நினைத்தேன். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் கணக்குப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பேசினார்.

"புதன்கிழமை ரோஸி ஃபேனைக் குறைங்கன்னா. குறைச்சேன். குளிருதுன்னா. காய்ச்சல் இல்லாம எப்படிளா குளிரும்னு கேட்டேன். கை வச்சுப் பாத்துட்டுத்தான் கேட்டேன். அப்போ குளிரலபோலன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டா."

அணைந்த போர்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை நீரு பன் வாங்கிட்டு மேல வந்தீரே."

"ஆமா."

"அவ நெத்தியில நீரு கை வச்சுப் பாத்தீரா?"

இருபத்திரண்டு வருஷமாக அவர் எனக்கு மதினி. என் மகன் பைசான் பிறந்தபோது சைனபுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். ஆனால் அவர் விரல் நுனி கூட என் மேல் பட்டதில்லை, என்னுடையது அவர் மேல் பட்டதில்லை. டீ கொடுத்தால் கூடக் கீழே வைப்பார், நான் எடுத்துக்கொள்வேன். அதுதான் மரியாதை என்று ரெண்டு வீட்டிலும் எங்களுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். அன்றும் நான் கிளாஸைத் தலைமாட்டில் வைத்துவிட்டு ஒதுங்கித்தான் நின்றேன். அவர் தலைக்கும் என் கைக்கும் ஒரு சாண் கூட இருக்காது.

"மதினி நெத்தியில நான் எப்படிவே கை வைக்க முடியும்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில். வேறு எதுவும் கூட இல்லை.

"தொட்டிருக்கலாம்வே" என்றார்.

அன்று மதியமே அவர் அனிஷாவுக்கு போன் செய்தார். பலகைக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. "நீ சொன்னதுதான்மா சரி" என்றார். அதன் பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். போனில் அவள் அழுதாளோ, ஏசினாளோ, எனக்குத் தெரியாது. முடிவில், "சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா?" என்று கேட்டது மட்டும் கேட்டது. ஜுவைரியா ஆஸ்பத்திரியில் ரெண்டு நாள் இருந்துவிட்டு நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டாள். என் தெர்மாமீட்டர் இப்போது வேதமுத்துவின் கடை வாசலில் ஒரு கயிற்றில் தொங்குகிறது. பிள்ளைகளோடு வருகிறவர்களை அதைக் காட்டி அனுப்பிவிடுகிறார். யார் நெற்றியிலும் கை வைப்பதில்லை.

வேலையை விடவில்லை. அந்தக் கம்பியை வைத்துப் பார்த்துத்தான் எல்லாம் செய்கிறார். என் போர்டையும் அப்படித்தான் சரி செய்து கொடுத்தார். கம்பி சரியாகத்தான் சொல்கிறது, அவருக்கு இன்னொரு ஆள் தேவையில்லை. இருந்தாலும் ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது பலகையைத் தட்டி, "கனி, இங்க வந்து தொட்டுச் சொல்லும்வே" என்று கூப்பிடுகிறார். கடையில் யார் நின்றாலும், கையில் என்ன வேலை இருந்தாலும், போட்டுவிட்டுப் போய்த் தொடுகிறேன்.